படுக்கை குழந்தைக்கு... பக்கத்தில் இருப்பவருக்கு? - ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி!

2008 செப்டம்பர். சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய, டாக்டர்களான அவருடைய பெற்றோர் முன்வந்தார்கள். போக்குவரத்து போலீஸார் வழியெங்கும் சாலையைச் சீர்செய்து கொடுக்க, சுமார் 11 நிமிடங்களில் அந்த இதயம் முகப்பேரில் உள்ள மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. அங்கே காத்திருந்த 9 வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றிய பேச்சையே மாற்றிய சம்பவம் அது.

ஒரு குழந்தைக்காக நகரமே வழிவிட்ட அந்த 11 நிமிடங்களை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், எந்தக் குழந்தையின் பெரிய சிகிச்சையிலும் அந்தப் பரபரப்புக்குப் பிறகு நீண்ட நாட்கள் வருகின்றன. ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா, மருந்துக் கடைக்கும் பில் கவுன்ட்டருக்கும் நடக்கும் அப்பா, வீட்டில் பாட்டியிடம் விடப்பட்ட இன்னொரு குழந்தை. இவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், வேலை என்னவாகிறது என்பதெல்லாம் செய்தியில் வருவதில்லை.

குழந்தையின் படுக்கைக்கும் மருந்துக்கும் காப்பீடு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரே திட்டம் இல்லை. அதற்காக உதவியே இல்லை என்று அர்த்தமல்ல. அது வெவ்வேறு கவுன்ட்டர்களில், வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. முதல் நாளே கேட்பவர்களுக்கு அது கிடைக்கும். கையில் இருந்த பணம் தீர்ந்த பிறகு கேட்பவர்களுக்குப் பாதி வாய்ப்புகள் கைவிட்டுப் போயிருக்கும்.

மேற்கிலிருந்து எழும்பூர் வரை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், முதலில் தெரு முனை கிளினிக், அடுத்து உள்ளூர் அரசு மருத்துவமனை. நிலைமை தீவிரமானால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று, முகப்பேர், போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் பக்கம் இருக்கும் தனியார் மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும். இன்னொன்று, எழும்பூரில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. 800-க்கும் மேற்பட்ட படுக்கைகளுடன், தமிழகம் முழுவதிலிருந்தும் ஆந்திர எல்லைப் பகுதிகளிலிருந்தும் குழந்தைகள் வந்து சேரும் இடம் அது.

ஆவடியிலிருந்து எழும்பூர் அதிக தூரம் இல்லைதான். வெளியூர்க்காரர்கள் என்றால் அறை எடுத்துத் தங்கிவிடுவார்கள். புறநகர்க்காரர்களின் சங்கடமே வேறு. 'வீடு பக்கத்துலதானே' என்று மற்றவர்கள் நினைப்பார்கள்; பெற்றோரும் அப்படித்தான் நினைத்து, தினமும் போய் வந்து சமாளித்துவிடலாம் என்று இறங்குவார்கள். இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். இரண்டு வாரம் என்றால் தூக்கம், சம்பளம், வீட்டுச் சாப்பாடு மூன்றும் ஒன்றாக ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

கூட இருப்பதும் சிகிச்சைதான்

'நாம அங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கோம்' என்று பல அம்மாக்கள் நினைக்கிறார்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. இங்கிலாந்தில் 1950-கள் வரை, பல மருத்துவமனைகளில் குழந்தையை அட்மிட் செய்துவிட்டால் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்க முடியும். பார்த்துவிட்டுப் போனால் குழந்தை அழுகிறது, அதனால் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது அன்றைய எண்ணம். 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட 2 வயதுக் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். அழுகையை நிறுத்திய குழந்தை சமாதானமாகிவிடவில்லை, மனம் ஒடுங்கிப்போயிருக்கிறது என்பதை அந்தப் படம் காட்டியது. 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளுடன் அம்மாக்கள் தங்கவும் அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் ஊரில் இந்தப் பிரிவு அந்த அளவுக்கு இருந்ததில்லை. அரசு மருத்துவமனை என்றாலே கூட ஒருவர் இருந்தாக வேண்டும். கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, ட்ரிப்ஸ் தீர்ந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுவது என எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால், அவர் வேலை செய்கிறார் என்ற கணக்கு மட்டும் எங்கும் இருந்ததில்லை.

இப்போது அந்தக் கணக்கும் வர ஆரம்பித்திருக்கிறது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அம்மாவின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் 'கங்காரு' பராமரிப்பு பற்றி, இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. குழந்தையின் நிலை சீரான பிறகு கங்காரு பராமரிப்பைத் தொடங்கும் வழக்கமான முறையுடன் ஒப்பிடும்போது, உடனே தொடங்கிய குழந்தைகளிடம் முதல் 28 நாட்களில் நிகழும் இறப்பு 25 சதவிகிதம் குறைந்திருந்தது. இதற்காக அம்மாவுக்கும் ஐ.சி.யூ-வுக்குள்ளேயே படுக்கை போட வேண்டியிருந்தது. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெற்றோரையும் பயிற்சி கொடுத்து ஈடுபடுத்த வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் 2017-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஆக, குழந்தை அருகே இருக்கும் அம்மாவோ அப்பாவோ தூங்கவும் சாப்பிடவும் வழி கேட்பது சலுகை கேட்பதல்ல. அவர் உடம்பு தாங்கினால்தான் குழந்தையின் சிகிச்சையும் தடையில்லாமல் நடக்கும்.

முதல் நாளே கேளுங்கள்

அட்மிஷன் ஆன அன்று யாருக்கும் கை ஓடாது, கால் ஓடாது. அதனால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி, பதற்றம் குறைவாக இருக்கும் ஓர் உறவினரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

* இரவில் குழந்தையுடன் எத்தனை பேர் தங்கலாம்? பல அரசு குழந்தைகள் வார்டுகளில் இரவில் பெண் ஒருவரை மட்டுமே அனுமதிப்பார்கள். அம்மா இல்லாத குழந்தை, அல்லது அம்மாவே பிரசவம் முடிந்து வேறு மருத்துவமனையில் இருக்கும் நிலை என்றால், அதை வார்டு பொறுப்பு செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

* அட்டெண்டர் பாஸை ஆள் மாற்றிப் பயன்படுத்தலாமா? பாட்டியும் அம்மாவும் மாறி மாறி இருக்க முடியுமா?

* ஐ.சி.யூ-வில் குழந்தையைப் பார்க்கும் நேரம் எது? டாக்டர் பெற்றோரிடம் பேசும் நேரம் எது? இந்த இரண்டாவது நேரத்தைத் தெரிந்துகொண்டால், நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நேரத்துக்கு அப்பாவும் வந்துவிடலாம்.

* மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா? பெரிய அரசு மருத்துவமனைகளிலும் சில தனியார் மருத்துவமனைகளிலும் இந்தப் பணியிடம் உண்டு. எந்தத் திட்டத்துக்கு எந்தச் சான்றிதழ், எந்தத் தொண்டு அமைப்பு தங்குமிடம் தருகிறது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். நோயாளிகள் பலருக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டர் எங்கே இருக்கிறது?

நகையை அடகு வைக்கும் முன்...

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திட்டத்தில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். எல்லா நோய்களுக்கும் அல்ல, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை போன்றவை இதில் வருகின்றன.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திட்டமிட்ட சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். 'முதல்ல பணத்தைக் கட்டி ஆபரேஷனை முடிச்சுடுவோம், அப்புறமா கார்டு காட்டி வாங்கிக்கலாம்' என்பது இதில் நடக்காது. கழுத்தில் இருப்பதைக் கழற்றி அடகுக் கடைக்குப் போகும் முன், காப்பீட்டுக் கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

'அரசு மருத்துவமனையில எல்லாம் இலவசம்தானே, அங்கேயும் ஏன் கார்டு கேட்கிறாங்க?' என்ற கேள்வியும் வரும். காப்பீட்டிலிருந்து கிடைக்கும் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகிறது. அதனால்தான் அங்கும் கேட்கிறார்கள். கார்டு இல்லை என்பதால் அங்கே குழந்தைக்குச் சிகிச்சை நின்றுவிடாது.

கார்டு இல்லாதவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். இங்குதான் மேற்குப் புறநகர் மக்களுக்கு ஒரு குழப்பம். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. 2018 முதல் சென்னை மாவட்டத்திலும் இருக்கிறது. அவர்கள் போக வேண்டியது ராஜாஜி சாலையில் உள்ள சென்னை கலெக்டர் அலுவலகம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அவர்கள் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு வழி எதிரெதிர் திசையில் இருக்கலாம். தவறான அலுவலகத்தில் ஒரு நாள் வீணாகாமல் இருக்க, ரேஷன் கார்டில் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் தேவை. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்து முடிக்க வேண்டிய வேலை இது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களிடம் சொந்த மாநிலத்தில் வாங்கிய ஆயுஷ்மான் பாரத் அட்டை இருந்தால், அந்தத் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் இங்கும் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போய் விசாரித்துக் கொடுப்பதே பெரிய உதவி.

இன்னும் சில வழிகள்:

* ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும், போக்குவரத்து வாகனமும் இலவசம். வாகனத்துக்கு 102.

* அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறவி இதயக் குறைபாடு, உதடு, அண்ணப் பிளவு போன்றவற்றுக்கு 18 வயது வரை இலவச அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு.

* சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். இதற்கு வருமான வரம்பு இல்லை.

எங்கே தூங்குவது, என்ன சாப்பிடுவது?

1974-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு வீடு திறக்கப்பட்டது. ஃப்ரெட் ஹில் என்ற கால்பந்து வீரரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் மற்ற பெற்றோர்கள் நாற்காலியிலும் பெஞ்சிலும் தூங்குவதை அவர் தினமும் பார்த்தார். குழந்தைகள் புற்றுநோய் நிபுணர் டாக்டர் ஆட்ரே எவன்ஸுக்கும் பெற்றோர் தங்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அப்படி உருவானதுதான் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம். இன்று பல நாடுகளில் மருத்துவமனைகளுக்கு அருகே இப்படிப்பட்ட இல்லங்கள் இருக்கின்றன.

இந்தியாவில் இதே எண்ணத்துடன் 2006-ல் மும்பையில் தொடங்கியது செயின்ட் ஜூட்ஸ் இந்தியா சைல்டு கேர் மையம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பெருநகரங்களுக்கு வரும் ஏழைக் குடும்பங்கள், தங்க இடமில்லாமல் நடைபாதையில் படுத்து, கடைசியில் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். குணப்படுத்தக்கூடிய புற்றுநோயிலும் குழந்தைகள் இறந்துபோக இது ஒரு பெரிய காரணம். இந்த மையங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம், பொதுச் சமையலறை, சமைக்கப் பொருட்கள், ஆலோசனை எல்லாம் இலவசம். சென்னையிலும் வேலூரிலும் மையங்கள் உண்டு. நேரடியாகப் போய்ச் சேர முடியாது. சிகிச்சை தரும் மருத்துவமனை பரிந்துரைக்க வேண்டும். சமூகப் பணியாளரை முதல் நாளே பார்ப்பது இதற்கும்தான்.

புற்றுநோய் இல்லாத மற்ற குழந்தைகளின் பெற்றோருக்கு? சென்னை மாநகராட்சி, வீடற்றோருக்கான காப்பகங்களோடு, சில அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளுடன் வருபவர்கள் இரவில் தங்கவும் காப்பகங்கள் நடத்துகிறது. 'காப்பகம்' என்ற பெயரைக் கேட்டதும் சிலர் தயங்குகிறார்கள். வராந்தாவில் கொசுக்கடியில் விழித்திருப்பதைவிட, கூரையும் கழிவறையும் இருக்கும் இடத்தில் அப்பா நான்கு மணி நேரம் தூங்கினால், மறுநாள் டாக்டர் சொல்வது காதில் ஏறும். எங்கே இருக்கிறது என்று மருத்துவமனை விசாரணைப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

முகப்பேர், போரூர் பக்கம் பெரிய தனியார் மருத்துவமனைகளைச் சுற்றி, நாள் வாடகைக்கு அறை தருபவர்கள் நிறைய. அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் போதும். கேஸ் அடுப்பு உண்டா? கரன்ட் பில் தனியா? பாதியில் காலி செய்தால் மீதிப் பணம் வருமா? குழந்தை இத்தனாவது நாள் டிஸ்சார்ஜ் ஆகும் என்பது எப்போதும் மாறும். அதனால் மொத்த மாத வாடகைக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டுக்கு, 2013-ல் தொடங்கிய அம்மா உணவகங்கள் சென்னை அரசு மருத்துவமனை வளாகங்களிலும் இருக்கின்றன. ஒரு ரூபாய் இட்லியும் 5 ரூபாய் சாம்பார் சாதமும் எத்தனையோ அட்டெண்டர்களின் பசியைத் தீர்த்திருக்கின்றன. குழந்தை சாப்பிடாமல் மிச்சம் வைத்ததை மட்டுமே சாப்பிட்டு நாளை ஓட்டும் அம்மாக்கள் வார்டுக்கு வார்டு உண்டு. அவர்களை ஒரு வேளையாவது கீழே அனுப்பிவைக்க, பக்கத்துப் படுக்கை அம்மா 'நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா' என்று சொன்னாலே போதும். வார்டுக்குள் உருவாகும் இந்த உறவுதான் பலருக்கு முதல் ஆதரவு.

டிரெயினா, பஸ்ஸா?

ஆவடி, அம்பத்தூரிலிருந்து எழும்பூர் போக, மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை வந்து, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலைப் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவிலும் அடுத்த நிறுத்தம் அதுதான். பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை நேராகக் கீழ்ப்பாக்கம் வழியாகக் கொண்டுபோய் விடும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகும் பாட்டிக்கும் அத்தைக்கும் இது பெரிய மிச்சம். ஒரு வாரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால், அப்பாவுக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுத்துவிடலாம். முக்கியமாக, ஆள் மாற்றும் நேரத்தை ரயில் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

வேலையும் சம்பளமும்

பெற்றோரை அதிகம் அரிக்கும் கேள்வி இது. குழந்தை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால், ஒரு வாரச் சம்பளம்?

ஒரே புறநகரில் இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன. ஆவடி டாங்க் ஃபேக்டரி போன்ற இடங்களில் மத்திய அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட முதல் இரண்டு குழந்தைகளுக்காக, பணிக்காலம் முழுவதும் சேர்த்து 730 நாட்கள். முதல் 365 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாட்களுக்கு 80 சதவிகிதம். தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண்களும் எடுக்கலாம். குழந்தையின் நோயும் இதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

சில கிலோமீட்டர் தள்ளி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு இப்படி எதுவும் இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. அதில் குழந்தைக்கு முழுச் சிகிச்சையும் கிடைக்கும், அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் பெரிய இ.எஸ்.ஐ மருத்துவமனைகள் இருக்கின்றன. தொழிலாளிக்கே நோய் வந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் தருவார்கள். ஆனால், குழந்தைக்கு நோய் வந்து அவர் பக்கத்தில் இருந்தால், அந்த நாட்களுக்கு எதுவும் இல்லை. தினக்கூலிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். குழந்தையின் சிகிச்சைக்கு ஒரு ரூபாய் செலவாகாவிட்டாலும், குடும்பம் கடனில் விழுவது இப்படித்தான்.

இதற்கு முழுத் தீர்வு இன்று இல்லை. செய்யக்கூடியவை சில உண்டு. அட்மிஷன் ஆன அன்றே வேலை செய்யும் இடத்துக்குத் தகவல் சொல்லி, மருத்துவமனை அட்மிஷன் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பி வையுங்கள். சொல்லாமல் நின்றது வேறு, சொல்லிவிட்டு நின்றது வேறு. மிச்சமிருக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பை அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் எடுக்காமல், பிரித்து எடுங்கள். பி.எஃப் பிடித்தம் உள்ளவர்கள், குடும்பத்தினரின் நோய்க்காகத் தங்கள் கணக்கிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். இது கடன் அல்ல, வட்டியும் இல்லை. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கே.ஒய்.சி விவரங்கள் சரியாக இல்லாமல் மாட்டிக்கொண்டால், முகப்பேரில் இயங்கும் அம்பத்தூர் மண்டல பி.எஃப் அலுவலகத்தை அணுகலாம். மீட்டர் வட்டிக்குக் கை நீட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் நிதி திரட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தளம் எவ்வளவு கட்டணம் எடுத்துக்கொள்கிறது, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டியூப் செருகிய நிலையில் இருக்கும் குழந்தையின் போட்டோ, ஒரு முறை இணையத்தில் போய்விட்டால் திரும்பாது. அந்தக் குழந்தை நாளை பள்ளிக்குப் போக வேண்டும். மருத்துவமனை வாசலில், 'நான் கார்டு வாங்கித் தர்றேன், சீக்கிரம் பெட் போட்டுத் தர்றேன்' என்று பணம் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அரசு மருத்துவமனை தொடர்பான தகவல், புகார் எதுவானாலும் 104-க்கு அழைக்கலாம்.

வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தை

ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையின் அண்ணனோ தங்கையோதான் இந்த நாட்களில் அதிகம் மறக்கப்படுபவர். தொற்று பயத்தால் சிறு குழந்தைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். 'அம்மா எங்கே?' என்ற கேள்விக்கு 'நாளைக்கு வந்துடுவா' என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, 'தம்பிக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்கான். அம்மா அவன்கூட இருக்கா. ராத்திரி எட்டு மணிக்கு உனக்குப் போன் பண்ணுவா' என்று சொல்வது நல்லது. அந்த எட்டு மணி போனைத் தவற விடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம். அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன. அதற்கும் சிறிய குழந்தை என்றால் அங்கன்வாடி இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் வீட்டு நிலவரத்தை ஒரு வரி சொல்லி வையுங்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்குத் திட்டு வாங்காமல் இருக்கவாவது அது உதவும்.

பால் கொடுக்கும் அம்மாவுக்கு...

பிறந்த குழந்தை என்.ஐ.சி.யூ-வில் இருந்தால், தையல் வலியோடு அம்மா வாசலில் காத்திருப்பார். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கலாமா, எத்தனை மணிக்கு ஒரு முறை, எதில் சேகரிப்பது என்று செவிலியரிடம் கேளுங்கள். நேரடியாகக் கொடுக்க முடியாத நாட்களிலும் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் பால் வற்றாது. எழும்பூர் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் இருக்கின்றன. அம்மாவுக்குப் பால் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளுக்கு இது கைகொடுக்கும். கங்காரு பராமரிப்புக்கு அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்பாவும் நெஞ்சோடு அணைத்து வைக்கலாம்.

அழுவதற்கும் ஒரு நேரம்

குழந்தை முன்னால் அழக் கூடாது என்று அடக்கி அடக்கி, வெளியே வந்ததும் பாத்ரூமில் அழுவது எல்லா வார்டிலும் நடக்கிறது. 'நான் கவனமா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது' என்ற குற்ற உணர்வு அம்மாவை அரிக்கும். அப்பா அதைப் பேசாமலே சுமப்பார். தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற நிலை வந்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. குழந்தைக்குத்தானே வைத்தியம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம்.

சொந்தக்காரர்களே, அக்கம் பக்கத்தாரே!

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நிலையில் இருக்கும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. 'செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாடு நான் கொண்டு வர்றேன்.' 'சனிக்கிழமை ராத்திரி நான் தங்கறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் தூங்கிட்டு வா.' 'பெரியவளை ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.' 'வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல நான் போய் நிக்கறேன்.'

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஐந்து பேராகப் போய்ப் பார்ப்பதைவிட, சார்ஜரும், மாற்றுத் துணியும், கொசுவர்த்தியும், 500 ரூபாய் சில்லறையும் ஒருவர் கொண்டு போய்க் கொடுத்தால் உண்மையான உதவி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் மட்டும் தினமும் ஒரு முறை நிலவரத்தைச் சொன்னால், 'இப்ப எப்படி இருக்கு?' என்ற நாற்பது போன்களிலிருந்து அம்மா தப்பிப்பார். 'இதே மாதிரிதான் எங்க தெருவுல ஒரு குழந்தைக்கு...' என்று ஆரம்பிக்கும் கதைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஓட்டம் முடிவதில்லை. மருந்து நேரம், அடுத்த செக்கப் தேதி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்ப வர வேண்டும், ராத்திரியில் யாருக்கு போன் செய்வது என்ற நான்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கம் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், குழந்தையின் ஆதார், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை அவசரம் என்றால், அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும்.